இரண்டரை அடி உயர்ந்த வாசல்

ஆட்டுவால் சந்தின் முனையில் ஒரு கம்பம் உண்டு. அதில் தகர ஒலிபெருக்கி ஒன்று கட்டியிருந்தார்கள். காலை ஆறு மணிக்குப் பாட்டு, பிறகு செய்தி, பிறகு உடற்பயிற்சிக்கு ஒன்று இரண்டு மூன்று. மழை பெய்தால் அது பழுதாகிவிடும். சந்தில் யாரும் கவலைப்பட்டதில்லை. அதுதான் லுவோ பாவ்தியான் இருக்கிறானே என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள்.

பாவ்தியான் நகரக் கட்டுமானக் கம்பெனியில் தச்சன். கை சுத்தமான வேலைக்காரன், வாய் அதைவிடச் சுறுசுறுப்பு. யார் வீட்டுப் பூனை எத்தனை குட்டி போட்டது, எந்தக் கடையில் வினிகர் வந்திருக்கிறது, எந்த மரம் மழைக்கு உப்பும், எந்த மரம் உப்பாது, எல்லாம் அவனிடம் இருந்தது. எதையும் அவன் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. ஐம்பத்தொன்பதில் தியனன்மென் சதுக்கத்தின் மேற்குப் பக்கம் பெரிய மண்டபம் கட்டியபோது அவன் பங்குக்கு ஒரே ஒரு கதவு வந்தது. அந்தக் கதவைப் பற்றி நாலு வருஷம் பேசினான். சந்தில் பாதிப் பேருக்கு அந்த மண்டபத்துக்குள் கால் வைக்க வாய்ப்பு இல்லை என்றாலும் அதன் கீல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

இந்த வாயால்தான் முப்பத்தொரு வயது வரை கல்யாணம் ஆகவில்லை. வேறு குறை சொல்ல முடியாது. சம்பளம் வந்தது, சைக்கிள் இருந்தது, தலையில் முடியும் இருந்தது. தரகர் பூங்காவில் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்துவார். இவன் ஆணி இல்லாமல் இரண்டு மரத்தை எப்படிக் கோப்பது என்று ஆரம்பிப்பான். மூன்றாவது பெண், இவர் நடுவில் மூச்சு விடுவாரா என்று தரகரிடம் கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நான்காவது பெண் தோங் யாஜென். அதே சந்து, ஏழு வீடு தள்ளி. எனாமல் குவளை செய்யும் தொழிற்சாலையில் வேலை. வெள்ளைக் குவளையின் மேல் உருவம் வெட்டிய அட்டையை வைத்துச் சிவப்பு வண்ணம் அடித்தால் பழைய அரண்மனையின் தியனன்மென் வாசல் வரும், அதன் பின்னால் சூரியக் கதிர்கள் வரும். ஒரு நாளைக்கு நானூறு வாசல். வீட்டுக்கு வந்தால் அப்பா, தையல்காரர் தோங் லியாங்சாய், அவரும் வாசலைப் பற்றியே பேசுவார். பாவ்தியான் பூங்காவில் இரண்டு மணி நேரம் பேசியதில் ஒரு முறைகூட வாசல் வரவில்லை. யாஜெனுக்கு அது போதுமானதாக இருந்தது. இவரையே கட்டிக்கொள்கிறேன் என்று தரகரிடம் சொல்லிவிட்டாள். தரகர் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

தோங் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர், கழுத்தில் எப்போதும் அளவு நாடா. தையல் கூட்டுறவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அதைக் கழற்றவில்லை. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் தோள் இத்தனை, இடுப்பு இத்தனை என்று மனசுக்குள் எழுதிக்கொள்வார். அதே சந்தில் இருக்கும் கெங் அக்கா இரண்டு சுற்றுப் பெருத்ததை அவள் புருஷனுக்கு முன்பே அறிந்தவர் அவர்தான். அதைச் சொல்லவும் செய்தார்.

அவர் பூர்வீகம் மஞ்சு, கடைசியாக ஆண்ட ராஜாக்களின் இனம். பாட்டனுக்குப் பாட்டன் அந்த வாசலில் ஈட்டி பிடித்து நின்றவர் என்பார். ஆகவே வாசலின் ஐந்நூற்றைம்பது வருஷத்துச் சரித்திரமும் தம் குடும்ப விவகாரம் என்றே அவர் நினைத்திருந்தார். முதல் வாசல் இடி விழுந்து எரிந்தது; இரண்டாவதைக் கலகக்காரர்கள் கொளுத்தினார்கள்; மூன்றாவதுதான் இப்போது நிற்பது. ராஜா காலத்தில் அரசாணையைப் பொன்முலாம் பூசிய மரப்பறவையின் அலகில் வைத்துக் கயிறு கட்டி வாசல் மேலிருந்து கீழே இறக்குவார்கள். ஒரு தடவை கயிறு சிக்கிப் பறவை பாதியில் தொங்கிவிட்டதாம், மந்திரிகள் ஒரு மணி நேரம் முட்டி போட்டபடியே ஆணைக்குக் காத்திருந்தார்களாம். இது எந்தப் புத்தகத்திலும் கிடையாது, தோங் வீட்டில் மட்டும்தான் உண்டு. ராஜா போன பிறகு கூரையில் புல் முளைத்தது. நாற்பத்தொன்பதில் புது நாட்டை அறிவிக்க வாசல் மேலிருந்த மாடத்தைச் சுத்தம் செய்தபோது புறா எச்சத்தை வண்டி வண்டியாக அள்ளினார்கள். அதில் தன் புறாக்களின் பங்கும் கணிசம் என்று தோங் மாமா பெருமையாகச் சொல்வார். பிறகுதான் வாசல் தேசியச் சின்னத்துக்கும் நாணயத்துக்கும் தீப்பெட்டிக்கும் மகளின் குவளைக்கும் ஏறியது.

புறாதான் அவருடைய இன்னொரு பைத்தியம். வீட்டுக் கூரையில் இருபத்திரண்டு புறா வைத்திருந்தார். அறுபத்தாறில் பழைய கெட்ட பழக்கங்களை ஒழிக்க வந்தவர்கள் இருபத்திரண்டையும் கூடை போட்டுக் கொண்டுபோனார்கள். என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. அன்று எந்தப் பக்கத்திலிருந்து குழம்பு வாசனை வந்தது என்று மட்டும் அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகும் காலையில் கூரை ஏறுவதை விடவில்லை. ஓடு சரிசெய்கிறேன் என்பார். மூன்று வருஷமாக ஒரே ஓட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். அங்கே உட்கார்ந்தால் பக்கத்து வெந்நீர்க் கடையின் செங்கல் புகைபோக்கி தெரியும். அதற்கு நேர் பின்னால், தூரத்தில், வாசல் கூரையின் முகடு தெரியும்.

மாப்பிள்ளையை அவர் ஒரே கேள்வியால் சோதித்தார். வாசலுக்கு எத்தனை தூண் என்றார். அறுபது என்றான் பாவ்தியான். தச்சன் என்று ஒப்புக்கொண்டு, புது வருஷத்தில் பதில் சொல்கிறேன் என்றார்.

அறுபத்தொன்பது டிசம்பரில் பாவ்தியானைக் கம்பெனியிலிருந்து திடீரென்று மாற்றினார்கள். ஒரு கூடத்தில் தச்சர், கொத்தர், வண்ணக்காரர், சமையற்காரர் என்று நூற்றுக்கணக்கான பேர். ராணுவ அதிகாரி ஒருவர் மேடை ஏறினார். வாசல் ஆட்டம் கண்டுவிட்டது, தூண்கள் உளுத்துவிட்டன, பூகம்பம் வந்தால் நிற்காது. மேல் மாடத்தை முழுக்கப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறோம், வெளிநாட்டுக்காரன் ஒருவனுக்கும் தெரியக் கூடாது, வெளியே கேட்டால் ரிப்பேர் என்று மட்டும் சொல்ல வேண்டும் என்றார். அம்மா அப்பாவிடம் சொல்லக் கூடாது, கட்டிய மனைவியிடமும் சொல்லக் கூடாது. பாவ்தியான் கையைத் தூக்கினான்.

"தோழர், இன்னும் கட்டிக்கல, பேசி மட்டும் வச்சிருக்கு. அந்தப் பொண்ணுகிட்ட?"

"அவகிட்டதான் முக்கியமா சொல்லக் கூடாது," என்றார் அதிகாரி. கூடம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. சொன்னவன் எந்த ஊருக்குப் போக வேண்டியிருக்கும் என்பதையும் விளக்கினார். அது குளிரான ஊர்.

வாசலைச் சுற்றி மலை மாதிரி சாரம் எழுந்தது. அதன் மேல் நாணல் பாய், பாயின் மேல் பாய். உள்ளே நீராவிக் குழாய் ஓடியது. வெளியே பனி கொட்டியபோது உள்ளே பாவ்தியான் சட்டையோடு நின்று உளி பிடித்தான். ஐந்நூறு வருஷத்து முறைப்படி ஒன்றன் மேல் ஒன்றாகக் கோத்த மரக்கட்டைகளை எண் போட்டு இறக்கினார்கள். அறுபது தூணும் இறங்கின. ஒரு நாள் காலையில் அவன் வந்து பார்த்தபோது கீழே சிவப்புச் சுவர் இருந்தது, மேலே ஒன்றுமே இல்லை. பாய்க்கூடாரத்துக்குள் வெறும் இடம். நாடு முழுக்கச் சுவரிலும் குவளையிலும் பள்ளிக்கூடப் பென்சில் டப்பாவிலும் இருந்த வாசல், வாசல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இல்லை. அன்று யாஜென் வழக்கம்போல நானூறு வாசல் அடித்தாள்.

இப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது யாருக்குமே சிரமம். பாவ்தியானுக்குக் கேட்கவே வேண்டாம். வேலை முடிந்து சந்துக்குள் நுழைந்தால் பத்துப் பேர் நிற்பார்கள். அவன் முட்டைக்கோஸைப் பற்றிப் பேசினான். குளிர்காலத்துக்கு வாசல்தோறும் அடுக்கியிருந்த முட்டைக்கோஸ். எப்படி அடுக்கினால் அழுகாது, எந்த இலையை உரிக்க வேண்டும், எதை உரிக்கக் கூடாது. நாலு மாதம். கடைசியில் முட்டைக்கோஸே தீர்ந்து போயிற்று, அவன் பேச்சு தீரவில்லை.

தோங் மாமா மட்டும் விடாமல் கேட்டார். என்ன வேலை என்றால் ரிப்பேர் என்பான். எங்கே என்றால் அங்கங்கே என்பான். பாய் கட்டிய வாசலில்தான் என்று ஊகித்து, தூண் எப்படி இருக்கிறது என்றால் நிற்கிறது என்பான். தூண் அந்தச் சமயம் படுத்துக் கிடந்தது. கிழவருக்கு மனம் கசந்தாலும், வேலைக் கட்டுப்பாடு என்று விட்டுவிட்டார். புது வருஷத்தன்று கொழுக்கட்டை வேகும்போது, மே முதல் தேதி கல்யாணம் என்று வாக்குக் கொடுத்தார்.

ஏப்ரலில் பாய்கள் இறங்கின. வாசல் பளபளவென்று நின்றது. சந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. வண்ணம் அடித்திருக்கிறார்கள், ஓடு கழுவியிருக்கிறார்கள், மற்றபடி அதே வாசல் என்றார்கள். தோங் மாமா போகவில்லை. தம் கூரையில் ஏறி உட்கார்ந்தார், ஒரு கண்ணை மூடினார். இறங்கி வந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஏறினார். மூன்று நாள் இப்படி நடந்தது. நான்காம் நாள் வீட்டிலிருந்து புகைபோக்கி வரை நடந்து காலடி எண்ணினார்: இருபது காலடி. வாசல் வரை நடந்தார்: அறுநூறு காலடி. திரும்பி வந்து வெந்நீர்க் கடை வரிசையில் நின்றவர்களிடம் சொன்னார்.

"முப்பது வருஷமா அந்த முகடு புகைபோக்கி விளிம்புக்கு நேர் மட்டமா இருந்துச்சு. இப்ப ஒன்றரை விரல் மேல நிக்குது. இங்க ஒன்றரை விரல்னா அங்க முப்பது மடங்கு. வாசல் இரண்டரை அடி வளர்ந்திருக்கு."

வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் லாரி ஓட்டும் ஷியே. மாமா, உரம் போட்டிருப்பாங்க, அடுத்த வருஷம் காய்க்கும் என்றான். புகைபோக்கி அமுங்கியிருக்கும் என்றார் ஒருவர். புறா போன துக்கம் கண்ணுக்கு வந்துவிட்டது என்றார் இன்னொருவர். பாவ்தியான் வரிசையில் வெந்நீர்க் குடுவையோடு நின்றிருந்தான். முகட்டுக்கு அடியில் கிடக்கும் மரங்களில் இரண்டை அவன் கையால் பொருத்தியிருந்தான். பழைய உயரத்துக்கு மேல் எவ்வளவு ஏறியது என்பது அவனுக்கு விரற்கடை பிசகாமல் தெரியும். கிழவர் கூரையில் உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் அதைப் பிடித்துவிட்டாரே என்று அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவனும் சிரிக்க வேண்டியிருந்தது. சிரித்தான்.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. கிழவர் போகிற இடமெல்லாம் சொன்னார். நாவிதர் கடையில் சொன்னார், தபால்காரரிடம் சொன்னார். வாசல் முன்பு மாதிரி இல்லை என்று அந்த வருஷத்தில் ஒருவர் வாய்விட்டுச் சொல்வது லேசான காரியம் அல்ல. பக்கத்துச் சந்தில் ஒருவர், முதல் பக்கத்தில் தலைவரின் பெரிய படம் போட்ட செய்தித்தாளில் மீன் மடித்ததற்காக ஏழு மாதம் காணாமல் போயிருந்தார். ஆகவே ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தெருக்கமிட்டித் தலைவி கெங் அக்கா கூட்டம் போட்டாள். முற்றத்தில் ஆளுக்கொரு முக்காலி போட்டு உட்கார்ந்தார்கள். தோங் மாமா முன்வரிசையில், நாடா கழுத்தில்.

"தோங் அண்ணே, வாசல் மாறிடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்றீங்களாம். நம்ம வாசல் மாறுமா?" என்று கெங் அக்கா கேட்டாள்.

"மாறிச்சுன்னு நான் சொல்லல. ஒன்றரை விரல்னு சொன்னேன்."

மாறவில்லை என்று சொல்லிவிடுங்கள், எழுதி முடித்துவிடுகிறேன் என்று அக்கா கெஞ்சாத குறையாகக் கேட்டாள். முப்பது வருஷம் துணி அளந்தவனிடம் அளவை மாற்றிச் சொல்லச் சொல்கிறாயா என்றார் கிழவர். யாஜென் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டாள். அக்காவின் பேனா காகிதத்தின் மேல் நின்றுவிட்டது; அது இறங்கினால் அந்தக் காகிதம் மேலே போகும். முற்றத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பாவ்தியான் எழுந்து நின்றான். அவன் எழுந்தால் நீளும் என்று தெரிந்தும் யாரும் தடுக்கவில்லை.

"அக்கா, தோங் மாமா சொல்றது சரிதான். எனக்கும் உயரமாத்தான் தெரியுது. நாலு மாசம் மூடி வச்சிருந்தாங்க, பார்க்காம ஏங்கிப் போயிட்டோம். திறந்ததும் பார்த்தா யாருக்குத்தான் உயரமாத் தெரியாது? மனசுல உயர்ந்திருக்குக்கா. மாமா தையல்காரர் இல்லையா, மனசுல உயர்ந்ததையும் நாடா வச்சு அளந்துட்டார்."

முதலில் ஷியே கைதட்டினான், பிறகு முற்றமே தட்டியது. கெங் அக்கா நெற்றியைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று எழுதினாள். தோழர் தோங் லியாங்சாய் வாசல் மேல் வைத்திருக்கும் ஆழ்ந்த அன்பு எல்லோருக்கும் எடுத்துக்காட்டு என்று தீர்மானம் ஆயிற்று. கிழவர் சட்டையில் காகிதப் பூ குத்தினார்கள், பரிசாக ஒரு எனாமல் குவளை கொடுத்தார்கள். அதன் மேல் இருந்த வாசல் அவர் மகள் அடித்தது.

கிழவர் பூவோடும் குவளையோடும் நேராகப் பாவ்தியானிடம் வந்தார். முகம் குவளையின் சிவப்புக்குக் குறைவில்லை.

"நான் கண்ணால அளந்தேன். நீ மனசுங்கிற. நாலு மாசம் அதுக்குள்ள உளி பிடிச்ச தச்சன், இரண்டரை அடிய மனசுங்கிறான். ஒண்ணு நீ புளுகன், இல்லன்னா நீ தச்சனே இல்ல. ரெண்டு பேருக்கும் என் வீட்ல பொண்ணு கிடையாது."

கல்யாணத்துக்குப் பதினொரு நாள் இருந்தது. பஞ்சு மெத்தை தைத்தாகிவிட்டது, மிட்டாய்க்குக் கூப்பன் சேர்த்தாகிவிட்டது. கிழவர் மெத்தை உறையைப் பிரித்துத் துணியை மடித்து வைத்துவிட்டார். காப்பாற்றப் போய் இப்படி ஆயிற்றே என்று பாவ்தியான் சுவரில் முட்டிக்கொண்டான். கிழவர் மேல் கோபம் வந்தது. பிறகு, அந்த மனிதர் சொன்னது ஒவ்வொரு விரற்கடையும் உண்மை, பொய் சொன்னது நான்தானே என்று நினைத்துக் கோபம் தன் மேலேயே திரும்பியது. வாய் திறந்தால் குளிரான ஊர். திறக்காவிட்டால் யாஜென் இல்லை. ஒரு வாரம் அவன் யாருடனும் பேசவில்லை. சந்தில் இருந்தவர்கள் கம்பத்து ஒலிபெருக்கியைப் பழுது பார்க்கச் சொல்லி மனுக் கொடுத்தார்கள்.

யாஜென் தொழிற்சாலை வாசலில் அவனைப் பிடித்தாள். அப்பாவிடம் போய் எதையாவது சொல்லுங்கள், உண்மையோ பொய்யோ எனக்கு அக்கறை இல்லை, எனக்குக் கல்யாணம் நடக்க வேண்டும் என்றாள். நாளைக் காலைக்குள் வராவிட்டால் தரகர் கொண்டுவந்திருக்கும் தபால் அலுவலகத்து ஆளைப் பார்க்கப் போவேன் என்றும் சொன்னாள். அந்த ஆள் அதிகம் பேசமாட்டாராம். அந்தக் கடைசி வாக்கியம் பாவ்தியானை எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது.

மறுநாள் காலை அவன் ஏணி வைத்துக் கூரைக்கு ஏறினான். கிழவர் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்காரச் சொல்லி ஓட்டைத் தட்டிக் காட்டினார். தலையைச் சாய்க்கச் சொன்னார், இடது கண்ணை மூடச் சொன்னார், புகைபோக்கி விளிம்பைப் பார்க்கச் சொன்னார். பாவ்தியான் பார்த்தான். செங்கல் விளிம்புக்கு மேலே ஒன்றரை விரல் அளவுக்கு மஞ்சள் ஓடு வெயிலில் மின்னியது. நாலு மாதம் அதன் அடியில் கிடந்து உழைத்தவன், முதல் முறையாக அதை வெளியிலிருந்து நிதானமாகப் பார்த்தான்.

"ஒரே ஒரு கேள்விதான். நான் அளந்தது தப்புன்னா தப்புன்னு சொல்லு. இந்த நாடாவைக் கழட்டி உன் கைல குடுத்துட்டு, பொண்ணையும் குடுத்துடறேன்," என்றார் கிழவர்.

தப்பு என்று ஒரு வார்த்தை. சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். ரகசியமும் நிற்கும், கல்யாணமும் நடக்கும். பாவ்தியான் வாயைத் திறந்தான். கிழவரின் கழுத்தில் நாடா ஓரம் நைந்து தொங்கியது. வாயை மூடிக்கொண்டான். கீழே வெந்நீர்க் கடையில் வரிசை நகர்ந்தது, யாரோ குடுவையை உடைத்துவிட்டுத் திட்டு வாங்கினார்கள், அந்தச் சண்டையும் ஓய்ந்தது. அவன் மறுபடி வாயைத் திறந்தான்.

"முட்டைக்கோஸ் வேண்டாம்," என்றார் கிழவர்.

மூடிக்கொண்டான். கிழவர் அவன் பக்கம் திரும்பினார். ஆளை அளப்பதுபோல மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஒரு கதவு செய்துவிட்டு நாலு வருஷம் பேசியவன், பூனை குட்டி போட்டதை மூன்று நாள் சொன்னவன், இந்த வாசலில் நாலு மாதம் கிடந்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு ஆணியைப் பற்றிக்கூடச் சொல்லவில்லை. இதை இத்தனை நாள் கவனிக்காமல் போனேனே என்று அவருக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும். மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கிற்று, கண்ணில் நீர் வந்துவிட்டது. புறாக்கள் போன பிறகு அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"இரண்டரை அடி," என்றார், நாடாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இறங்கு. ஏணியை நல்லாப் பிடிச்சுக்கோ. மெத்தை உறையை இன்னிக்கே தைச்சாகணும்."

மே முதல் தேதி கல்யாணம் நடந்தது. தபால் அலுவலகத்து ஆளும் வந்து மிட்டாய் தின்றார், நிஜமாகவே எதுவும் பேசவில்லை. அப்பா ஏன் மனசு மாறினார் என்று யாஜென் கேட்டாள். உன் அப்பாவிடம் கேள் என்றான் பாவ்தியான். அப்பா, மாப்பிள்ளை நல்லவன், அதிகம் பேசமாட்டான் என்றார். அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனாள்.

சந்து மட்டும் கிழவரை விடவில்லை. வாசலை வளர்த்தவர் என்று பெயரே வைத்துவிட்டார்கள். போகும்போது வரும்போது இன்றைக்கு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பார்கள். அவர் எந்தக் கேலிக்கும் வாய் திறக்கவில்லை, சிரித்துக்கொண்டு போனார். பாவ்தியானுக்குத்தான் ஒவ்வொரு முறையும் சுருக்கென்றது. எண்பத்தொன்றில் கிழவர் போய்விட்டார். எண்பத்தெட்டில் வாசல் மேல் மாடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பாவ்தியான் மனைவியோடு ஏறினான். எல்லோரும் சதுக்கத்தைப் பார்த்துக் கையசைத்தபோது அவன் ஒரு தூணில் மரம் சேர்ந்த இடத்தை நகத்தால் தடவிக்கொண்டிருந்தான். காவலாளி, தொடாதீர்கள் ஐயா, ஐந்நூறு வருஷத்துத் தூண் என்றார். பாவ்தியான் பல்லைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான்.

பிறகு ஒரு வசந்தத்தில், அவனுக்கு அறுபது தாண்டியபின், காலைச் செய்தித்தாளில் முழுப் பக்கம் வந்தது. எழுபதில் வாசல் மாடம் முழுக்கப் பிரித்துக் கட்டப்பட்டது, முன்பைவிட எண்பத்துமூன்று சென்டிமீட்டர் உயரம் கூடியது. சீனக் கணக்கில் மீட்டருக்கு மூன்று அடி. பாவ்தியான் வாசற்படியில் உட்கார்ந்து மூன்று முறை பெருக்கிப் பார்த்தான். இரண்டரை அடிக்கு ஒரு மயிரிழை குறைவு. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கெங் அக்கா வீட்டுக்கு ஓடினான். அக்காவுக்கு எண்பது வயது, கண்ணாடி போட்டுக்கொண்டு அவள் அதே பக்கத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்," என்றாள். "பாய் கொண்டுவந்து போட்டது என் தம்பி. எனக்கு அப்பவே தெரியும்."

அப்படியானால் அந்தக் கூட்டம் எதற்கு என்று பாவ்தியான் கேட்டான். அண்ணன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாரே, நான் கூட்டம் போடாவிட்டால் எனக்கும் மேலே உள்ளவர்கள் போட்டிருப்பார்கள், அங்கே மனசு என்று சொல்ல நீ இருந்திருக்கமாட்டாய் என்றாள். ஷியே வீட்டுக்குப் போனான். ஷியே அந்தக் குளிர்காலம் முழுக்க லாரியில் மரம் ஏற்றி வந்தவனாம். அப்புறம் ஏன்டா அப்படிச் சிரிச்சே என்றான் பாவ்தியான்.

"பயத்துலதான். சிரிக்காம நின்னா எனக்குத் தெரியும்னு தெரிஞ்சிடுமே. நீயும்தானே சிரிச்சே?"

கணக்குப் போட்டுப் பார்த்தால் சந்தில் ஒன்பது வீட்டில் யாராவது ஒருவர் அந்தப் பாய்க்குள் போய் வந்தவர். கொத்தர், சமையற்காரர், குழாய்க்காரர். ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் எல்லோரும் ஒரே ரகசியத்தை வைத்துக்கொண்டு, வெளியில் நின்று தானாகவே கண்டுபிடித்த ஒரே மனிதரைப் பார்த்துப் பத்து வருஷம் சிரித்திருக்கிறார்கள். பாவ்தியானுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது, வெட்கத்தில் காது எரிந்தது. நடுச்சந்தில் நின்று அழுதான்.

இறந்த முன்னோரை வணங்கும் வசந்தத் திருநாளுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அஸ்தி மண்டபத்துக்கு வழக்கமாக யாஜெனும் அவனும் மட்டும் போவார்கள். அந்த வருஷம் ஒன்பது வீட்டுக்காரர்களும் வந்தார்கள். மாமாவின் அஸ்திப் பெட்டியை எடுத்து முற்றத்து மேஜையில் வைத்தார்கள். பழமும் ஒரு குப்பி மதுவும் வைத்தார்கள். கெங் அக்கா கம்பை ஊன்றி நின்று, கூட்டத்தில் பேசும் அதே குரலில், தோழர் தோங் லியாங்சாய் சொன்ன இரண்டரை அடி ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று அறிவித்தாள். ஒரு மயிரிழை குறைகிறது என்றான் ஷியே. அப்பா இருந்தால் அந்த மயிரிழைக்கும் சண்டை போட்டிருப்பார் என்றாள் யாஜென். அவள் கணவன் பக்கம் திரும்பி, முப்பத்தொரு வருஷம் என்னிடம்கூடச் சொல்லவில்லையே, இன்றைக்கு வீட்டுக்கு வாருங்கள் என்றும் சொன்னாள்.

எல்லோரும் கலைந்த பிறகு பாவ்தியான் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தான். தொண்டையைச் செருமினான். டிசம்பர் மாதம் அந்தக் கூடத்தில் அதிகாரி மேடை ஏறியதிலிருந்து ஆரம்பித்தான். பாய் எத்தனை அடுக்கு, குழாய் எந்தப் பக்கம், முதல் கட்டை இறங்கியபோது எவ்வளவு தூசி, எந்தத் தூண் எந்த இடத்தில் உளுத்திருந்தது, புதுத் தூணின் மரம் என்ன வாசனை. பக்கத்து மேஜைகளில் வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள், வேறு ஆட்கள் வந்தார்கள், அவர்களும் போனார்கள். யாஜென் மரத்தடியில் இரண்டு முறை தூங்கி எழுந்தாள். நாலு மணிக்கு மண்டபத்து ஊழியர் சாவிக்கொத்தோடு வந்து நின்றார். மூடும் நேரம் ஆயிற்று, பேசி முடித்தாயிற்றா என்று தணிவாகக் கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி," என்றான் பாவ்தியான். "இன்னும் கூரைக்கே வரல."